வெட்டறதுக்கும் வழி சொன்ன ஓனரம்மா

கள்ளக்குறிச்சி டவுனில் மொட்டைமாடியில் பாகற்காய் காய்க்க வைத்த முதல் ஆள் நான்தான். பந்தல் கொள்ளாத காய். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். தெருவே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

பொய். பந்தல் ஓனரம்மாவுடையது, விதை ஓனரம்மாவுடையது, காயும் அவருடையது. மண் நிரப்பிய தொட்டிகளைப் படியேற்றியது மட்டும் நான். அதிலும் ஒன்றைப் பாதிப் படியில் போட்டு உடைத்தேன். தெரு திரண்டு வந்து பார்த்தது அதைத்தான்.

ஓனரம்மா என்றால் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். மாடியில் அவர் ஒண்டியாக, கீழே நானும் என் பொண்டாட்டியும். நைட்டி மேல் ஒரு துண்டு, துண்டு முனையில் முடிந்த வாழைநார், கையில் துருப்பிடித்த சின்னக் கத்தி. வலது கட்டைவிரல் நகம் மட்டும் எப்போதும் பச்சையாக இருக்கும். நாள் முழுக்க எதையாவது கிள்ளிக்கொண்டே இருந்தால் நகம் வேறு எந்த நிறத்தில் இருக்கும்?

நான் லோடு வண்டி ஓட்டுகிறவன். குட்டி யானை. பள்ளிக்கூடத்தில் என்னை உட்கார வைக்கப் பார்த்து முடியாமல் வாத்தியார் எழுந்து போய்விட்டார். அதோடு என் படிப்பு முடிந்தது. கல்வராயன் மலையிலிருந்து பலாவும் புளியும் இறக்குவேன். செடி வளர்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. ஆனால் ஓனரம்மா வீட்டில் குடியிருந்துகொண்டு செடி வளர்க்காமல் இருப்பது, பஸ் ஸ்டாண்டில் குடியிருந்துகொண்டு ஹாரன் சத்தம் வேண்டாம் என்பது மாதிரி.

விடியற்காலையில் என் போன் சிணுங்கும். தலைமாட்டில் இருந்து எடுத்துப் பார்த்தால் ஓனரம்மாவின் வாய்ஸ் மெசேஜ். எனக்கு நேர் மேலே, என் மின்விசிறிக்கு மேல் நின்றுகொண்டு அனுப்பியது.

"எப்பா, சித்திர வெயிலு ஏறிக்கினு இருக்குது. மத்தியானத்துல தண்ணி ஊத்தாத, வேர் வெந்துடும். காலைல ஊத்து, இல்லனா பொழுது சாஞ்சி ஊத்து. தக்காளிக்கு மேல பழைய பொடவ ஒண்ண இஸ்துக் கட்டு."

கட்டினேன். அது பழைய புடவை இல்லை என்று பொண்டாட்டி சொன்ன பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தக்காளிக்குக்கூடக் கிடைத்திருக்கும், எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனி முடியும்போது: "முருங்கயக் கழிச்சி வுடு. ஆடிக் காத்து வந்து ஒடிக்கறதுக்கு முன்னாடி நீயே கழிச்சிடணும். காத்து ஒடிச்சா கண்ட எடத்துல ஒடிக்கும்."

ஐப்பசியில்: "மழ புடிச்சிக்கிச்சி. தொட்டிக்கு அடியில ஓட்ட அடச்சிக்கினு இருக்குதா பாரு. இருக்குதுனா குச்சி வுட்டுக் குத்து. தண்ணி நின்னா செடி செத்துடும்."

மார்கழியில்: "அவரைல பேன் ஏறிச்சி. சாம்பல் தூவு. பனி ஈரம் காயறதுக்குள்ள தூவணும், அப்பதான் ஒட்டும். போர்வையப் போத்திக்கினு படுத்துக் கெடக்காத, எழுந்திரு."

நான் போர்வைக்குள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தபடி போர்வைக்குள் கிடப்பேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகச் சொல்கிறவரோடு சண்டை போடலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

ஒரு சித்திரையில் வீம்புக்குக் கொத்தமல்லி விதைத்தேன். "இப்ப வராதுடா, வெயிலு கம்மி ஆவட்டும்" என்றார். வரவைத்துக் காட்டுகிறேன் என்றேன். வரவில்லை. ஒரு முளைகூட எட்டிப் பார்க்கவில்லை. மானம் போகக் கூடாது என்று மார்க்கெட்டில் வேரோடு இருக்கும் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை வாங்கி வந்து, தொட்டியில் நட்டு, தண்ணீர் தெளித்து, மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஓனரம்மா இறங்கி வந்தார். குனிந்து பார்த்தார். சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று நினைத்தேன்.

"கட்டுக் கயித்த அவுத்துட்டு நட்றா. கழுத்த நெரிச்சிக்கினு இருக்குது பாரு."

அவ்வளவுதான். ஏமாற்றினாயே என்று ஒரு வார்த்தை இல்லை. ஏமாற்றுவதையும் ஒழுங்காக ஏமாற்று என்பதுபோல உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, தனித்தனியாக நட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அது ரசம் வைக்கும்வரை உயிரோடு இருந்தது.

அந்த அம்மாவின் குணமே இதுதான். செடி பக்கத்தில் யார் தப்பாகக் கை வைத்தாலும் வாய் சும்மா இராது. கை வைக்கிறவர் சொந்தமா, அந்நியமா, திருடனா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

திருடன் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. வாக்கிங் போகிற ஒரு பெரியவர், சாமிக்கு என்று சொல்லி, எங்கள் சுவர்மேல் சாயும் செம்பருத்தியைத் தினமும் பறித்துக்கொண்டு போய்விடுவார். செடியே மொட்டையானது. ஓனரம்மா கொதித்தார். "நாளிக்கி அந்த ஆளக் கையும் களவுமாப் புடிக்கறோம்" என்று என்னை எழுப்பி, வாசல் கேட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார். வந்தார் பெரியவர். கை நீண்டது. ஓனரம்மா பாய்ந்து எழுந்தார். நான் விசிலடிக்கத் தயாராக இரண்டு விரலை வாயில் வைத்தேன்.

"யோவ் பெரியவரே, இன்னா இப்டிப் புடுங்கற? கெளையோட ஒடியுது பாரு! காம்புக்கு மேல நகத்த வச்சிக் கிள்ளு. இப்டி. பாத்தியா? அப்பதான் அடுத்த மொட்டு வரும்."

பெரியவர் கிள்ளிப் பார்த்தார். "ஆமாம்மா, சுளுவா வருது" என்றார். மறுநாள் முதல் அழகாக, நகத்தால் கிள்ளி, முன்னைவிட ஜாஸ்தியாகப் பறித்துக்கொண்டு போனார். நான் வாயில் வைத்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

"அவர வெரட்டத்தானம்மா எழுப்புனீங்க?"

"வெரட்டலாம்டா. அதுக்குன்னு தப்பாப் பறிக்க வுட முடியுமா?"

இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படிக் குப்பை கொட்டுவது, சொல்லுங்கள்.

இப்போது பலா மரத்துக்கு வருகிறேன். முன்வாசலில், ரோட்டை ஒட்டி நின்றது. ஓனரம்மாவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வெள்ளிமலையில் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டு, அந்த மரத்துக் கன்றையே கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டாராம். மரம் காய்ப்பதற்குள் அவர் போய்விட்டார். மரமும் அவசரப்படவில்லை. ஆள் உயரம் வளர்ந்தது, மாடி உயரம் வளர்ந்தது, இலையாகக் கொட்டியது. காய் மட்டும் இல்லை.

ஓனரம்மா செய்யாத வைத்தியம் இல்லை. கார்த்திகையில் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார். அடிமரத்தில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். செருப்பு என்னுடையது. அதுவும் பழையது இல்லை. ஒரு மார்கழியில் பச்சையாக, விரல் நீளத்தில், நாலைந்து வந்து நின்றது. நான் துள்ளிக் குதித்து மேலே ஓடினேன். "ம்மா, பிஞ்சு!"

ஓனரம்மா வந்து காம்பைத் தடவிப் பார்த்தார்.

"காம்பு ஒல்லியா இருக்குது பாரு. இது ஆம்பளப் பூ. கொஞ்ச நாளு வெறப்பா நிக்கும், அப்பறம் கறுத்து வுழுந்துடும். ஒன்ன மாதிரி, ஒண்ணுத்துக்கும் ஒதவாது. பொம்பளப் பிஞ்சுனா காம்பு தடியா இருக்கும்."

என் பொண்டாட்டி இதை உளுந்தூர்பேட்டையில் இருக்கும் அவள் அக்காவுக்கு அன்றே போன் போட்டுச் சொன்னாள்.

சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகனுக்கு அந்த மரத்தின்மேல் ஒரு கண். நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லை. மரத்தை எடுத்துவிட்டால் ரோட்டோரம் ஒரு கடை கட்டி வாடகைக்கு விடலாம், பக்கத்தில் என் குட்டி யானை நிற்க ஷெட்டும் போட்டுத் தருகிறேன் என்றான். தெருவில் வண்டியை விட்டுவிட்டு ராத்திரியெல்லாம் காது கொடுத்துக் கிடக்கிற எனக்கு அது தேன் மாதிரி இனித்தது. ஓனரம்மா பல வருஷம் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் மகனின் நச்சரிப்பு தாங்காமல், "வர்ற பொங்கலுக்குள்ள பிஞ்சு வரலனா வெட்டிக்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு மூன்று நாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பவில்லை. நான் போனை ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று பார்த்தேன்.

பொங்கல் நெருங்கியது. மறுபடி ஆம்பளப் பூதான்.

போகி அன்று காலையில் ஓனரம்மா கோடாலியோடு கீழே வந்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தை மிரட்டுவது. ஒருவர் கோடாலியை ஓங்கி, காய்க்காத மரம் எதற்கு என்று சத்தம் போட வேண்டும். இன்னொருவர் ஓடி வந்து தடுத்து, "வேணாம், வுட்டுடு, வர்ற வருஷம் காய்க்கும்" என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய் மறு வருஷம் காய்த்துவிடும். ஓங்குவதற்கு யாராக இருந்தாலும் போதும். கெஞ்சுவதுதான் முக்கியம்.

"மொறைக்கற மூஞ்சி ஒனக்குதான்டா. நீ ஓங்கு. நான் கெஞ்சறேன். பையன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

லுங்கியை மடித்துக் கட்டினேன். கோடாலியை ஓங்கினேன்.

"காய்க்காத மரம் எதுக்கு? இன்னிக்கி ஒன்ன வுட மாட்டேன்!"

தெருவில் ஒரு நாய் எழுந்து ஓடியது. அவ்வளவு நன்றாக இருந்தது என் நடிப்பு. ஓனரம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். "வே..." என்று வாயைத் திறந்தார். கண் என் கைமேல் விழுந்தது.

"இன்னாடா புடி இது? காம்போட நுனியப் புடிச்சிக்கினு? வழுக்கி ஒங்கால்லயே வுழும். கைய மேல ஏத்து."

"ம்மா, கெஞ்சுங்க."

"கெஞ்சறேன்டா. மொதல்ல ஒழுங்காப் புடி."

ஒழுங்காகப் பிடித்தேன். மறுபடி ஓங்கினேன். மறுபடி கத்தினேன்.

"நேராப் போடாத! சாச்சிப் போடு. நேராப் போட்டா பட்ட நார் நாராக் கிழியும். தண்ணி எறங்கி அழுவிடும்."

"வெட்டப்போற மரம் அழுவுனா இன்னாம்மா?"

"நீதான் வெட்டப்போறதில்லயே!"

"அப்பறம் எதுக்குச் சாச்சி?"

துடைப்பத்தோடு நின்ற என் பொண்டாட்டிக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ், நெசமாவே வெட்டித் தொலயேன். தெனம் எல வாரி வாரி எனுக்கு இடுப்பே போச்சி."

கெஞ்ச வேண்டிய இடத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் எப்படி வெட்டுவது என்கிறார், இன்னொருத்தி வெட்டு என்கிறாள். நான் மரமாக இருந்தால் அங்கேயே வேரைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. பையோடு மகன். ஓங்கிய கோடாலியோடு நான். "கால அகட்டி வச்சிக்க" என்று சொல்லிக்கொண்டிருந்த அவன் அம்மா.

"அம்மா! நீயே ஒத்துக்கினியா?" ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். "நான் எப்டிச் சொல்றதுனு பஸ்ஸுல ரோசன பண்ணிக்கினே வந்தேன்!"

ஓனரம்மா என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவர். என்ன சொல்வார்? "டீ குடிக்கிறியாடா?" என்று அவனிடம் கேட்டார்.

மாடிப்படியில் ஏறும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் சொல்லவே இல்லடா."

"எதம்மா?"

"வேணாம்னு. மரம் கேட்டுக்கினுதான இருந்திச்சி. வெட்டற வழிய மட்டும்தான் கேட்டிச்சி."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கு ஜோக் வராத நாள் கம்மி.

பொங்கல் முடிந்ததும் மகன் சங்கராபுரம் பக்கமிருந்து மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு வந்தான். மெஷின் ரம்பம், கயிறு, எல்லாம் வந்து இறங்கியது. நான் ஓனரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார். இதோ சொல்லப்போகிறார்.

"தம்பி, கெழக்கால கயிறு போடு" என்றார். "மேலருந்து ஒவ்வொரு கெளையா எறக்கு. மல்லிப் பந்தல்மேல வுழுந்துடப் போவுது. எறும்புக் கூடு இருக்குது, பாத்து."

"ஆவட்டும்மா."

சொல்லிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் மரப்பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கிள்ளவும் இல்லை, பிய்க்கவும் இல்லை. சும்மா சுரண்டினார். ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் நடுவில் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். துண்டை எடுத்ததும் மறுபடி, "அடியில ஈரமா இருக்கும், கால ஊனிக்க."

எனக்கு வந்ததே ஆத்திரம். திருடனுக்குப் பூப்பறிக்கச் சொல்லிக் கொடுத்தாயே, போகட்டும். ஒரே ஒரு வார்த்தை, வேணாம் என்று சொல்ல வராதா உனக்கு? மெஷின் உறுமத் தொடங்கியது. நான் எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

"வேணாங்க! வுட்டுடுங்க! வர்ற வருஷம் காய்க்கும்!"

கத்திக்கொண்டே ஓடி, கயிறு தடுக்கி, மரம் வெட்டுகிறவர் காலடியில் குப்புற விழுந்தேன். நான் காலில் விழுந்ததாக நினைத்துக்கொண்டார் அவர். மெஷினை அணைத்தார். கீழே வைத்தார்.

"கெஞ்சிட்டாருங்க" என்றார் மகனிடம். "கெஞ்சுன மரத்த ஒரு வருசம் தொடக் கூடாது. நான் கைய வைக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க, ஆனா எங்க ஊர்ல எவனும் வர மாட்டான்."

மகன் என்னைத் தூக்கி நிறுத்தினான். "அண்ணே, வண்டிக்கு ஷெட்டுன்னதும் சந்தோசப்பட்டது நீங்கதான?"

"ஆமாப்பா."

"பின்ன?"

"தெர்லப்பா" என்றேன். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஓனரம்மா கிட்ட வந்தார். கண் கலங்கியிருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று மூக்கில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கெஞ்சறதுக்கு எதுக்குடா இப்டிக் கத்தற? மரம் பயந்துடும். மெதுவாச் சொல்லணும்."

அதோடு மரத்துக்கு ஒரு வருஷம் கிடைத்தது. மகன் விட்டுக்கொடுத்தான். ஆனால் அம்மாவை விடவில்லை. படியேறி இறங்கி அவர் முட்டி வீங்கிவிட்டது என்று கையோடு சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். எங்கேயோ பன்னிரண்டாவது மாடியாம். போகும்போது அந்தச் சின்னக் கத்தியை என் கையில் கொடுத்தார். "தொலச்சிடாத" என்று மட்டும் சொன்னார்.

அப்பாடா, இனிமேல் காலையில் தூங்கலாம் என்று நினைத்தேன். இப்போது வீடியோ கால் வருகிறது. மேலே இருந்தவரைக்கும் குரல் மட்டும்தான். இப்போது முகத்தோடு. போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாக நான் காட்ட வேண்டும். "இன்னும் கிட்டக் காட்டு. எலைக்கு அடியில காட்டு. ஒன் மூஞ்சியக் காட்டாதடா, செடியக் காட்டு." கடைசியாகப் பலா. இந்த மார்கழியிலும் தினமும் காட்டினேன். நேற்றுவரைக்கும் அடிமரத்தில் ஒன்றும் இல்லை. பொங்கல் கிட்டத்தில் வந்துவிட்டது. நானும் அவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காட்டுவேன், பார்ப்பார், "செரி" என்பார்.

அந்தப் பன்னிரண்டாவது மாடியில் அவர் சும்மாவா இருக்கிறார் என்கிறீர்கள்? அதைக் கேளுங்கள். கீழே பார்க்கில் புல் வெட்ட ஒரு ஆள் வருவானாம். இவர் மேலே பால்கனியில் இருந்து அவனைப் பார்த்திருக்கிறார். அவன் போகன்வில்லாவைக் கன்னாபின்னா என்று கழித்திருக்கிறான். லிப்ட் வேறு அன்றைக்கு ரிப்பேர். முட்டி வீங்கிய மனுஷி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, ஐந்தாவது மாடி வரைக்கும் வந்து, அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி...

"யோவ்! இங்க வாய்யா! ஓனரம்மா போன்ல இருக்குது!"

என் பொண்டாட்டிதான், முன்வாசலில் இருந்து.

"இன்னாவாம்? அப்பறம் பேசறேன்னு சொல்லு! கதை சொல்லிக்கினு இருக்கறேன்!"

"கதையத் தூக்கிக் குப்பைல போடு! நான் போன்ல மரத்தக் காட்டிக்கினு இருக்கறப்ப அந்தம்மாவே பாத்துடுச்சி. அடிமரத்துல, செருப்புக்குப் பின்னால, நாலு நிக்குது. காம்பு தடியா இருக்குதாம்! பொம்பளப் பிஞ்சுதானாம்!"

கொஞ்சம் இருங்கள். என் செருப்பு எங்கே?

"அழுவுதுய்யா அந்தம்மா. அழுதுக்கினே சொல்லுது, மொதக் காய்ப்பாம், மரம் தாங்காதாம், ஒண்ண வுட்டுட்டு மீதியக் கிள்ளிடணுமாம். கத்திய எங்க வச்ச? இல்ல, நகத்தாலயே கிள்ளிடட்டா?"

"அடியே, வேணாம்! வுட்டுடு! கைய வைக்காத, நான் வர்றேன்..."